ஆணிக்கும் தண்ணீருக்கும் நடுவே

தையல்காரர் முதன்முதலாக மலை ஏறியபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. அதுவரை அவர் ஏறிய பெரிய உயரம், கடையின் மேல்தட்டிலிருந்து துணிக்கட்டு எடுக்கப் போட்டிருந்த முக்காலி. மிஷின்மேல் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோயிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை.

அதைச் சொன்னது போஸ்ட்மாஸ்டர் அக்கா. ஐம்பதில் விருப்ப ஓய்வு பெறும்வரை தபால் நிலையத்தை நடத்தியவர். பிறகு குளிர்கால நடைக்குழுவையும் அதே கண்டிப்போடு நடத்தினார். தண்ணீர், விசில், மாற்றுக் காலுறை எல்லாம் பார்த்துத்தான் ஆளை மலைக்கு அனுப்புவார், ரிஜிஸ்டர் தபாலைப் போல. கோட்டுக் கையைக் குறைத்துத் தைக்கக் கொடுக்கக் கடைக்கு வந்தவர் தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, முதுகு இப்படி ஆயிடுச்சு?"

"மிஷினுக்குக் கும்பிடு போட்டுப் போட்டுப் பழகிடுச்சுக்கா."

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி, பஸ் ஸ்டாண்டு. கோட்டைக் கொண்டுவந்து அங்கயே குடுத்துடுங்க."

கோட்டைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனார். கோட்டோடு சேர்த்து அவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கோடையில் அந்த மலைக்கு யாரும் போவதில்லை. வெயிலும் காட்டுத்தீயும் பாம்பும் உண்டு. குளிர்காலத்தில் மூன்று மாதம், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து இருபது பேர் ஏறுவார்கள். பாதி உயரத்தில் ஒரு சுனை. பாறை இடுக்கிலிருந்து கசிந்து, நான்கு கட்டில் போடுகிற அகலத்துக்கு நின்று, மறுபக்கம் வழிந்து ஒரு புல்வெளியை நனைக்கும். அங்கே உட்கார்ந்து பிளாஸ்கைத் திறப்பார்கள். அதற்கு மேல் ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். மற்றவர்கள் அங்கேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

குழுவில் ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும். பின்தங்கியவரை விட்டுவிட்டு அவர் முன்னால் போகக் கூடாது. அடையாளத்துக்குக் கையில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். முதல் நாளே தையல்காரர் மூச்சுவாங்கிக் கடைசியில் வந்ததால் அந்தத் துணி அவரிடம் வந்தது. அடுத்த மாதம் மற்றவர்களுக்கு இணையாக நடந்தார். துணியைத் திருப்பித் தரவில்லை. நல்ல சிவப்புக் காடாத் துணியில் ஓரம் மடித்து, பட்டன் வைத்துப் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டார்.

கடைசியில் வருகிறவருக்குத் தெரிவது முதுகுகள்தான். அது அவருக்குத் தோதாகப் போயிற்று. யார் தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, யாருடைய கால்சட்டையில் பின்தையல் விடப் பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுவார். சுனைக்கு வந்ததும் ஊசியை எடுப்பார். "டாக்டர், திரும்பி நில்லுங்க. மேல போறதுக்குள்ள மானம் போயிடும்" என்று பல் டாக்டரை நிறுத்தி வைத்துத் தைப்பார். பல் டாக்டர் குழுவிலேயே பருமனானவர், வாயாடி. "நான் வலிக்குதான்னு கேட்டுட்டுத்தான் ஊசி போடுவேன், நீங்க கேக்கறதே இல்ல டேப்பு" என்பார். டேப்பு என்பது தையல்காரருக்கு மலையில் வைத்த பெயர்.

அந்தப் பெயர் வந்தது முதல் குளிர்காலத்தின் இரண்டாவது நடையில். சுனைத் தண்ணீர் போன மாதத்தைவிட இறங்கிவிட்டது என்றார் பல் டாக்டர். இல்லை என்றார் போஸ்ட்மாஸ்டர் அக்கா. இருவரும் விடாக்கண்டர்கள். வாக்குவாதம் டீ ஆறும்வரை போனது. தையல்காரரின் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து கிளம்பும்போது கழற்ற மறந்திருந்தார். சுனையின் ஓரப்பாறையில் எந்தக் காலத்திலோ யாரோ அடித்த இரும்பு ஆணி ஒன்று இருந்தது. டேப்பின் பித்தளை நுனியைத் தண்ணீரைத் தொடுகிறவரை இறக்கி, ஆணிக்கு நேராகப் படித்தார்.

"பதினாலு இஞ்ச். அடுத்த மாசம் பாத்துட்டு சண்டையைத் தொடரலாம்."

அடுத்த மாதமும் பதினான்குதான். சண்டை முடிந்தது. அளப்பது நிற்கவில்லை. வாடிக்கையாளர் அளவெழுதும் நீள நோட்டு ஒன்றைச் சுனைக்கென்று ஒதுக்கினார். இடுப்பு, தோள், கை நீளம் என்று அச்சடித்த கட்டங்களில் தேதி, அளவு, காற்று, குளிர். குளிர்காலத்துக்கு மூன்று வரி.

அப்போது மகளுக்குப் பதினாறு வயது. பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதிலும் கண் போகாது. ஒரே ஒரு முறை கூடப் போனாள். கால் நொந்து திரும்பியவள், "தண்ணியைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமாப்பா? வீட்டுக் குழாயிலயே வருதே" என்றாள். அவர் சிரித்தார். மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம் என்று அவள் நினைத்தது பல வருடம் கழித்து; அவளாகவே போயிருக்கலாம் என்று நினைத்தது அதற்கும் பிறகு.

அவள் படித்து, மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஓர் அளவீட்டு ஆய்வகத்தில் சேர்ந்தாள். தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதித்துச் சான்று கொடுக்கிற இடம். ஒரு கருவி சரி என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் சரி. சேர்ந்த வருடம் அப்பாவுக்கு ஓர் எஃகு அளவுகோல் வாங்கி, ஆய்வகத்திலேயே சோதித்து, சான்றிதழோடு கொண்டுவந்து கொடுத்தாள். பாதி விளையாட்டு, பாதி பெருமை. அப்புறம் அதை மறந்துவிட்டாள்.

பதினேழு குளிர்காலம் சுனை பதினான்கை விட்டு அதிகம் நகரவில்லை. பதின்மூன்றரை, பதினைந்து, பதினான்கு. அடிவாரத்தில் ஒரு பெரிய விடுதி இடம் வாங்கியது. சோதனைக்கென்று ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். பதினெட்டாவது குளிர்காலத்தில் டேப் பத்தொன்பது காட்டியது. அதற்கடுத்ததில் இருபத்துநான்கு. புல்வெளியின் கீழ்ப்பாதி காய்ந்துபோனது.

நடைக்குழு அத்தோடு வேறு குழுவானது. போஸ்ட்மாஸ்டர் அக்கா மனு எழுதினார். கையெழுத்து வாங்கும் பொறுப்பைத் தையல்காரர் எடுத்துக்கொண்டார். தைத்த துணியை வாங்க வருகிறவர்களிடம் முதலில் மனுவை நீட்டுவார். கையெழுத்து விழுந்த பிறகுதான் ஹேங்கரிலிருந்து துணி இறங்கும்.

"நான் மலைப்பக்கமே போனதில்லையே" என்றார் ஒருவர்.

"நீங்க போக வேணாம். உங்க பேண்டு இங்க வரணுமா வேணாமா?"

எண்ணூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. விடுதிக்கு இன்னும் நான்கு கிணறு தோண்ட அனுமதி கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடையில் உட்கார்ந்து லேப்டாப்பில் யாருடைய அறிக்கையையோ திருத்திக்கொண்டிருந்தாள். தையல்காரர் நீள நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஐம்பத்தாறு வரி.

"இதைக் கொஞ்சம் பாரு பாப்பா. கூட்டத்துல குடுக்கலாமான்னு அக்கா கேட்டாங்க."

அவள் புரட்டினாள். ஒரு நிமிடம் இருக்கும். ஆய்வகத்தில் ஒரு கருவியை நிராகரிக்க அவளுக்கு வழக்கமாக ஆகிற நேரம்.

"எதுல அளந்தீங்க?"

"டேப்புலதான்."

"துணி டேப்பா? அது இழுபடும்பா. ஈரத்துல இன்னும் இழுபடும். நீங்க அளக்கும்போது யாரு கூட இருந்தது?"

"ஆணி இருந்துச்சு."

அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. தலையில் வேறு அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னா அவங்க இன்ஜினியர் அஞ்சு நிமிஷத்துல கிழிச்சுடுவான். உங்களை மட்டும் இல்ல, மொத்தக் குழுவையும் பாத்துச் சிரிப்பாங்க. இதெல்லாம் அளவுல சேராதுப்பா."

"அப்ப வேணாம்" என்றார் அவர். உடனே சொன்னார், யோசித்த மாதிரியே இல்லை. நோட்டை எடுத்துச் சாக்கட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தார். பிறகு அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, ஸ்வெட்டரின் மணிக்கட்டு ஓரத்தைப் பார்த்தார். "நூல் பிரியுது. கழட்டிக் குடு, ஒரு நிமிஷம்." அவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கழற்றிக் கொடுத்தாள்.

கூட்டத்துக்கு அவள் வரவில்லை. நடந்ததைப் போஸ்ட்மாஸ்டர் அக்கா பின்னால் சொன்னார். விடுதியின் பொறியாளர் எழுந்து, குளிர்காலத்தில் சுனை இறங்குவது இயல்பு, கிணறு தோண்டுவதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று எந்தப் பதிவும் இல்லை என்றார். மேஜையிலிருந்த அதிகாரி, பதிவு வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று சபையைக் கேட்டார். அக்கா மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரர் கோட்டுப் பையில் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "நோட்டு எங்க தம்பி?"

"அந்த அளவு சரியில்லக்கா. பொண்ணு சொல்லிட்டா. அவ அதுலதான வேலை பாக்குறா."

"அதைச் சொல்லும்போது முகத்துல வருத்தமே இல்லம்மா" என்றார் அக்கா மகளிடம். "பெருமையா சொன்னார்."

நான்கு கிணற்றுக்கும் அனுமதி கிடைத்தது. குளிர்காலத்துக்குள் தோண்டியும் முடித்தார்கள். முதல் நடை முடிந்த ஞாயிறு மாலை அவர் மகளுக்கு போன் செய்தார். நலம் விசாரித்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பிறகு, "முப்பத்திமூணு" என்றார்.

"என்னப்பா முப்பத்திமூணு?"

"ஒண்ணுமில்லமா. ஒரு கஸ்டமர் இடுப்பு. மனசுல ஓடிட்டு இருந்துச்சு. வச்சுடறேன்."

அவள் மறுபடி வேலையில் குனிந்தாள்.

அடுத்த கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கத்தரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தார். அம்மா வந்து பார்ப்பதற்குள் போய்விட்டார். மேஜையில் பாதி வெட்டிய கால்சட்டைத் துணி இருந்தது. வெட்டின கோடு கடைசிவரை நேராக இருந்தது. மகள் அந்தத் துணியை வெகுநேரம் பார்த்தாள். கோட்டைப் பற்றி நினைப்பது எளிதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அம்மாவும் மகளும் கடையைக் காலி செய்தார்கள். மேல்தட்டிலிருந்து ஒரு சட்டை அட்டைப்பெட்டியை மகள் இறக்கினாள். உள்ளே டேப்புகள். ஒவ்வொன்றும் சுருட்டி நூலால் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெள்ளைத்துணி, அதில் மசியால் எழுதிய வருடம். எண்ணினாள். இருபது.

"இது என்னம்மா?"

"சுனை டேப்பு. ஒவ்வொரு வருஷமும் முதல் நடைக்குப் புதுசு எடுப்பார். அந்தக் குளிர்காலம் முடிஞ்சா கட்டி வச்சுடுவார். கடையில புழங்க விடமாட்டார்."

"எதுக்குப் புதுசு?"

அம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "துணி டேப்பு இழுபடுமேடி. தையல்காரனுக்கு அது தெரியாதா? ஆறு மாசத்துக்கு மேல ஒரு டேப்பை வச்சிருந்தா கழுத்துப்பட்டை எதுவும் பொருந்தாது. எடுக்கறப்பவும் வைக்கறப்பவும் உன் ரூலை வச்சுப் பாப்பார்."

"என் ரூலா?"

"நீ குடுத்த ஸ்டீல் ரூல். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அந்தச் சர்ட்டிபிகேட்டைக் காட்டுவார். அதுக்கு முன்னாடி மரக்கோல்."

அளவுகோல் வெட்டுமேஜையின் இழுப்பறையில், ஃபிளானல் உறைக்குள் இருந்தது. உறையை அவர்தான் தைத்திருக்க வேண்டும். சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சுவரில் இருந்தது. பத்து வருடமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் அவள் லேப்டாப் பார்த்திருக்கிறாள்.

நோட்டு சாக்கட்டி டப்பாவுக்கு அடியிலேயே இருந்தது. இந்த முறை ஒரு மணி நேரம் படித்தாள். ஒவ்வொரு குளிர்காலத்தின் தலைப்பிலும் சின்ன எழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: டேப் புதுசு. கடைசி மூன்று வரி, கிணறுகள் வந்த பிறகு அளந்தவை: முப்பத்திமூன்று, முப்பத்தைந்து, முப்பத்தாறு. அதில் முதல் வரியின் தேதி, அவர் போன் செய்த அதே ஞாயிறு. போனில் கேட்ட அவர் குரல் அவளுக்கு நினைவு வந்தது. இடுப்பு யாருடையதும் இல்லை.

"இதையெல்லாம் ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலன்னு சொன்னார்." அம்மா பெட்டியை மூடினாள். "குத்தமா சொல்லல. நீ பெரிய பெரிய அளவெல்லாம் பாக்கறவ, இது சேராதுன்னா சேராதுதான்னார்."

பெட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். மதிய இடைவேளைகளில் ஒவ்வொரு டேப்பாக மேஜையில் நீட்டிச் சோதித்தாள். அறுபது அங்குலத்தில் எதுவும் எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் பிசகவில்லை. ஆனால் அவளைச் சாய்த்தது அது இல்லை. அதைவிடச் சின்னக் கணக்கு ஒன்று. டேப்பை அவர் மாற்றாமலே இருந்திருந்தாலும், அறுபது அங்குலத்தில் அரை அங்குலமே இழுபட்டிருந்தாலும், பதினான்கு அங்குலத்தில் அந்தப் பிழை ஒரு நூல் கனம்தான். சுனை இறங்கியது பத்து அங்குலம். பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்; எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இருபது டேப்புக்கும் முறைப்படி அறிக்கை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இலையுதிர்கால முடிவில் போஸ்ட்மாஸ்டர் அக்காவோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். நான்கு கிணற்று அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது மனு. கூட்டத்தில் மேஜையில் இருந்த அதே அதிகாரிதான். கெட்ட மனிதர் இல்லை. நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நடுவில் வந்த போனை எடுக்கவில்லை.

"குளிர்காலத்துல மழை கிடையாது. அதனால இது ஊத்துத் தண்ணியோட நிஜ மட்டம்தான். இப்படி ஒரு பதிவு என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா. அளந்தவர் நேர்ல வந்து ஒரு உறுதிமொழி குடுத்தா எடுத்துக்கலாம்."

"அவர் இல்ல சார். கோடையில தவறிட்டார்."

"ஓ." அவர் நோட்டை மூடினார். "கூட்டம் நடந்தப்ப இருந்தாரா?"

அக்காதான் சொன்னார். "மூணாவது வரிசையில இருந்தார். நீங்க பதிவு இருக்கான்னு கேட்டீங்க. நோட்டு அவர் கடையில இருந்துச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குக் குடுத்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்" என்றார். யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளது அவ்வளவுதான் என்கிற மாதிரி சொன்னார். அளந்தவரின் உறுதிமொழி இல்லாததால் நோட்டை இணைப்பாக மட்டும் கோப்பில் வைக்கலாம். அதை வைத்து அனுமதியை ரத்து செய்ய முடியாது. விடுதி இன்னும் இரண்டு கிணறு கேட்டிருக்கிறது. அதன் விசாரணைக்கு நாள் இருக்கிறது. இனி எடுக்கிற அளவு, சாட்சிக் கையெழுத்தோடு இருந்தால், செல்லும்.

படியிறங்கும்போது அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடிப்புக்கா, ஆறுதலுக்கா தெரியவில்லை.

"என்கிட்ட கோவமா அத்தை?"

"இருந்துச்சு" என்றார் அக்கா. இரண்டு படி இறங்கினார். "ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி. விசில் எடுத்துட்டு வா. மாத்து சாக்ஸும்."

அந்தக் குளிர்காலத்தின் முதல் நடைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அக்கா சிவப்புத் துணியை அவளிடம் நீட்டினார். பட்டன் வைத்தது. அவள் கைக்குத் தொளதொளவென்று இருந்தது. பல் டாக்டர் ஒரு ஊக்கு கொடுத்தார்.

"உங்கப்பா இருந்தா இதுக்கு என்னைத் திட்டியிருப்பார். ஊக்கு குத்தறது தையல்காரனுக்கு அவமானம்னு."

கடைசியில் நடந்தாள். முன்னால் பதின்மூன்று முதுகுகள். அவற்றில் பலவற்றில் அப்பாவின் தையல் இருந்தது: தோளில் உள்பக்கமாக மடித்துத் தைத்த இரட்டை வரி, கால்சட்டைக்குப் பின்னால் வலுவுக்கு வைத்த முக்கோணம். சோதித்துப் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஒன்றும் பிரியவில்லை.

சுனையில் பாறை ஓரத்துக் கறை, தண்ணீர் முன்பு நின்ற உயரத்தைக் காட்டியது. அதற்கு வெகு கீழே, அடியில் கொஞ்சம் தண்ணீர். புல்வெளி முழுக்கப் பழுப்பாக இருந்தது. யாரும் பிளாஸ்கைத் திறக்கவில்லை. அவள் பையிலிருந்து ஆய்வகத்தின் எஃகு டேப்பை எடுத்தாள். அதோடு கடைத்தெருவில் வாங்கிய புதிய துணி டேப்பையும். முந்தின நாள் அதை அப்பாவின் அளவுகோலில் வைத்துப் பார்த்திருந்தாள்.

பாறையில் வயிற்றைப் பதித்துப் படுத்தாள். எஃகு டேப்பை ஆணியிலிருந்து இறக்கினாள். முப்பத்தொன்பது.

"முப்பத்தொம்பது" என்று பல் டாக்டர் திருப்பிச் சொல்லி எழுதினார்.

துணி டேப்பை இறக்கினாள். பித்தளை நுனி தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தி, ஆணிக்கு நேரே படித்தாள். எழுந்திருக்க நேரமானது.

"என்னம்மா, வேற காட்டுதா?" என்றார் அக்கா.

"இல்ல அத்தை" என்றாள். "அதேதான் காட்டுது."

நீள நோட்டின் புதிய பக்கத்தில், இடுப்பு என்று அச்சடித்த கட்டத்தில் எழுதினாள். மேலே சின்ன எழுத்தில், டேப் புதுசு. சாட்சிக்கு அக்கா கையெழுத்துப் போட்டார், பல் டாக்டர் போட்டார், மற்ற பதினொரு பேரும் வரிசையில் நின்று போட்டார்கள். இரண்டு கிணற்று விசாரணைக்கு இது உதவும். நான்கு கிணறும் அடிவாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காற்று திரும்பியபோது மோட்டார் சத்தம் சுனை வரை கேட்டது.